வா என்றால் வரும் கொடி

முன்னொரு காலத்தில், மந்திரம் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்த காலத்தில், தழைமங்கலம் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ராஜ்ஜியத்துக்கு உத்தண்டராஜா என்று ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு அரண்மனை, அரண்மனைக்குப் பின்னால் ஒரு தோப்பு, தோப்புக்கு ஒரு தோட்டக்காரி. அவள் பெயர் பச்சையம்மா. பெயரில்தான் பச்சை இருந்தது. தோப்பின் தரையில் பேருக்குக்கூடப் பச்சை இல்லை.

ஏன் இல்லை என்றால், நிழல். மேலே இலுப்பையும் நாவலும் மகிழமும் கிளையோடு கிளை கோத்துக்கொண்டு வெயிலைக் கீழே விடவே இல்லை. வெயில் படாத தரையில் புல் எப்படி முளைக்கும்? இதைப் பச்சையம்மா ராஜாவிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள்.

"மகாராஜா, அருகம்புல்லுக்கு வெயில் வேணும்."

"போட்டுப் பாரு."

"போட்டேன் மகாராஜா. மஞ்சளாப் போச்சு."

"திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள். திரும்ப மஞ்சளாகப் போனது. மூன்றாம் தரம் மண்ணைக் கொத்தி, எரு போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். தண்ணீரையெல்லாம் மரத்து வேர் குடித்துக்கொண்டது, புல் வாயைப் பிளந்துகொண்டு செத்தது. ராஜா வந்து பார்த்தார். "நீ சரியாப் போடலை" என்றார். அவளுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்!

ராஜாவுக்கும் ஒரு எரிச்சல் இருந்தது. போன வருஷம் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தவர், தோப்புச் சேற்றில் வழுக்கிப் பட்டு வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். எழுந்தவர் சும்மா போகவில்லை. "உங்க தோப்பு மேலே ராஜா, கீழே பிச்சைக்காரன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அந்த வார்த்தை உத்தண்டராஜாவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

"ஆவணி விருந்துக்கு அவன் மறுபடியும் வரான்" என்றார் ராஜா. "அதுக்குள்ள தரை பச்சையா இருக்கணும். இல்லேன்னா மரத்தையெல்லாம் வெட்டு. வெயில் வேணும் வெயில் வேணும்னியே, தாராளமா வெயில் வரும்."

பச்சையம்மா மரங்களை அண்ணாந்து பார்த்தாள். அந்த மரங்கள் ஒவ்வொன்றையும் அவள்தான் கன்றாக நட்டாள். இடுப்பில் குடம் சுமந்து ஊற்றி, ஆடு கடிக்காமல் முள் கட்டி, ஆளாக்கினாள். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்தத் தோப்புதான் எல்லாம். தோப்பு விழுந்தால் தானும் விழுந்த மாதிரிதான் என்று அவளுக்குத் தெரியும்.

மலையடிவாரத்தில் சடையாண்டி என்று ஒரு மந்திரவாதி இருந்தார். அவர் வீடு பெரிய பாறையின் நிழலில் இருந்தது. பாறை நிழலில் வெயிலே விழாது. ஆனால் அவர் வீட்டைச் சுற்றி எல்லா மாதமும் தரை பச்சைப் பசேலென்று இருக்கும் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொல்லி அவள் கேட்டிருந்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"சாமி, நிழல்ல வளர்ற மாதிரி ஒரு கொடி..." என்று ஆரம்பித்தாள். வாக்கியம் முடியவில்லை, மந்திரவாதி கொடியைச் சுருட்டி அவள் கூடையில் வைத்துவிட்டார். அவருக்கு வாயெல்லாம் பல்.

"எடுத்துக்கோ தாயீ, எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"இதுக்கு எரு?"

"வேண்டாம்."

"தண்ணி?"

"வேண்டவே வேண்டாம். 'வா'ன்னு கூப்பிடு, வந்துடும். சொன்ன சொல்லைத் தட்டாது. தான் சொன்ன சொல்லிலும் தவறாது." இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் வாய்க்குள்ளேயே முனகினார். முனகிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஒரு மந்திரவாதி இப்படிச் சும்மா தூக்கிக் கொடுக்கிறாரே, கொடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போடுகிறாரே என்று பச்சையம்மா யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மரத்தைப் பற்றிய கவலை அவளை யோசிக்க விடவில்லை.

தோப்புக்கு வந்தாள். இலுப்பை மரத்தடியில் கூடையைக் கவிழ்த்தாள். "வா" என்றாள்.

அவ்வளவுதான். வெற்றிலைக் கொழுந்து மாதிரி சின்னச் சின்ன இலைகளோடு கொடி சரசரவென்று ஓடியது. இலுப்பையைச் சுற்றியது, நாவலைச் சுற்றியது, மகிழத்தைச் சுற்றியது. மூச்சு விடும் நேரத்தில் தோப்பின் தரை முழுக்க ஒரே பச்சை. பச்சையம்மா கன்னத்தில் கைவைத்தபடி நின்றாள்.

"வந்துட்டேன் அக்கா! சௌக்கியமா? சாப்பிட்டாச்சா? ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்றது கொடி.

பேசும் என்று மந்திரவாதி சொல்லவே இல்லை.

ராஜா வந்தார், பார்த்தார், மீசையை முறுக்கிக்கொண்டார். அவருடைய சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும் தாங்கியது.

தழைமங்கலத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலில் யார் வந்து நின்றாலும் "வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். சண்டைக்காரன் வந்தாலும் "வா" என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். காலையில் கொடி மடைப்பள்ளி வாசலில் எட்டிப் பார்த்தது. சமையற்காரர் கரண்டியும் கையுமாக, "அடடே, வா வா" என்றார். வந்தது. அந்தப்புரத்து வாசலில் எட்டிப் பார்த்தது. மகாராணி, "வாம்மா" என்றாள். வந்தது. சபா மண்டபத்து வாசலில் எட்டிப் பார்த்தது. அரைத் தூக்கத்தில் இருந்த ராஜா ஏதோ சிற்றரசன் என்று நினைத்துக்கொண்டு, "வாரும்" என்றார். ராஜாவே கூப்பிட்ட பிறகு அது ஏன் சும்மா இருக்கிறது? அரண்மனைக்குள்ளேதான் எங்கு பார்த்தாலும் நிழலாயிற்றே! சிம்மாசனத்தின் மேல் ஏறியது, மகாராணியின் ஊஞ்சலில் ஏறியது, சாம்பார் அண்டாவைச் சுற்றிக்கொண்டது.

போகிற இடமெல்லாம் ஒரே விசாரிப்பு. "சௌக்கியமா? சாப்பிட்டாச்சா? ஏன் இளைச்சுட்டீங்க?" ராஜா தூண் மாதிரி இருப்பார். முதல் தரம் "இளைச்சுட்டீங்க" என்று கேட்டபோது அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சாயங்காலத்துக்குள் காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டார்.

பச்சையம்மா வாசல் வாசலாக ஓடினாள். "ஐயா, அம்மா, தயவு பண்ணி அதைப் பார்த்து 'வா'ன்னு சொல்லாதீங்க."

"வீட்டுக்கு வந்ததை வான்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்று சமையற்காரர் அவளைத் திருப்பிக் கேட்டார். கேட்டுக்கொண்டே, ஜன்னல் வழியாக நுழைந்த இன்னொரு நுனியைப் பார்த்து "வா" என்றார். பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, வரச் சொன்னால் வருகிறது, போகச் சொன்னால் போக வேண்டியதுதானே! அவள் சபா மண்டபத்தின் நடுவில் போய் நின்றாள்.

"போ" என்றாள்.

"சரிக்கா. போயிட்டு வரேன்" என்றது கொடி. பாய் மாதிரி சுருண்டது, வாசலைத் தாண்டியது, கண்ணுக்கு மறைந்தது. எல்லோரும் அப்பாடா என்றார்கள். துடைப்பத்தை எடுத்து உதிர்ந்த இலையைக் கூட்டி முடிப்பதற்குள் திரும்பி வந்து நின்றது.

"வந்துட்டேன் அக்கா! சௌக்கியமா?"

மந்திரத்துக் கொடியில்லையா, சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும். போயிட்டு வரேன் என்று சொன்னால் போய்விட்டு வந்தாக வேண்டும். பச்சையம்மா மறுபடியும் "போ" என்றாள். மறுபடியும் போயிட்டு வந்தது. மூன்றாம் தரம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "போ, ஆனா வராதே" என்றாள்.

"சரிக்கா. வராம போயிட்டு வரேன்" என்றது கொடி.

என்னத்தைச் சொல்ல! பச்சையம்மா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னாள். "இங்க பாரு. 'போறேன்'னு சொல்லு. அது போதும். போ... றேன்."

"ஐயையோ அக்கா!" கொடியின் இலையெல்லாம் நடுங்கின. "நல்ல நாளும் அதுவுமா யாராவது 'போறேன்'னு சொல்லுவாங்களா? முதல்ல உங்க வாயைக் கழுவுங்க."

பச்சையம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். சபை முழுக்கக் கொடியின் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தது. மகாராணியே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "அது சொல்றது சரிதானே பச்சையம்மா? வாசல் தாண்டும்போது 'போறேன்'னு சொல்லலாமா? அசுபமில்லே?" அந்த நிமிஷம் பச்சையம்மாவுக்கு யார் மேல் அதிகக் கோபம் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

ராஜா சிம்மாசனத்திலிருந்த இலைகளை ஒதுக்கிவிட்டு எழுந்தார். "எல்லாம் நிழலால வந்த வினை. மரத்தை வெட்டுங்க. தோப்பு வெட்டவெளியானா இதுக்கு இருக்க இடம் கிடையாது, வெயில்ல காஞ்சு தொலையும். நாளைக்குக் காலையில கோடாரிக்காரங்க வரட்டும்."

"மகாராஜா, நாளைக்குத்தானே விருந்து?" என்றாள் பச்சையம்மா.

"அதனாலதான். அவன் வரும்போது ஒண்ணு பச்சை இருக்கணும், இல்லேன்னா வெயில் இருக்கணும். இந்த வம்பு பிடிச்ச கொடி இருக்கக் கூடாது."

தரை பச்சையாக இல்லாவிட்டால் மரத்தை வெட்டுவேன் என்றவர், இப்போது தரை பச்சையானதற்கும் மரத்தைத்தான் வெட்டுவேன் என்கிறார். பச்சையம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஓடினாள்.

மந்திரவாதி கதவைத் திறக்கவில்லை. இடுக்கு வழியாக ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"கொடியைக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"இல்லை சாமி."

"சத்தியமா?"

"சத்தியமா! கதவைத் திறங்க."

"திறக்க மாட்டேன், அப்படியே பேசு." உள்ளேயிருந்து பெருமூச்சு கேட்டது. "என் தப்புதான் தாயீ. நிழல்ல வளரணும், எல்லா மாசமும் பச்சையா இருக்கணும், சீக்கிரம் படரணும்னு மந்திரம் போட்டேன். எல்லாம் வந்துச்சு. வேர் வைக்க மறந்துட்டேன். வேர் இல்லாதது எந்த இடத்துல நிக்கும்? போகும், வரும், போகும், வரும். நானும் அதுகிட்ட பட்ட பாடு இருக்கே..."

"உங்க பாட்டை அப்புறம் கேக்கறேன். மந்திரத்தை எடுக்க என்ன வழி?"

"அதுகிட்ட இதுவரைக்கும் யாரும் சொல்லாத வார்த்தை ஒண்ணு இருக்கு. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா மந்திரம் விட்டுப் போகும். வேர் விடும்."

"எந்த வார்த்தை?"

"அது தெரிஞ்சா நான் சொல்லித் தொலைச்சிருக்க மாட்டேனா?" என்று மந்திரவாதி அழாத குறையாகக் கத்தினார். "எனக்குத் தெரிஞ்ச மந்திரத்தையெல்லாம் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன். 'போ'ன்னும் சொன்னேன், 'ஒழி'ன்னும் சொன்னேன். 'சரி சாமி, ஒழிஞ்சுட்டு வரேன்'னு சொல்லிட்டுத் திரும்பி வந்துச்சு!"

பச்சையம்மா திரும்பி நடந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மந்திரவாதி வழக்கப்படி, "சரி தாயீ, போயிட்டு வா" என்று குரல் கொடுத்தார். உடனே, "ஐயோ, வராதே, வராதே!" என்று அலறினார்.

மறுநாள் காலை கோடாரிக்காரர்கள் தோப்புக்கு வெளியே உட்கார்ந்து கல்லில் கோடாரியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தக் கரையில் பக்கத்து நாட்டு ராஜாவின் மேளம் கேட்டது. பச்சையம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். மந்திரம் போகாவிட்டால் போகட்டும். விருந்து முடிகிற வரைக்குமாவது கொடியைத் தோப்பிலேயே பிடித்து வைத்துவிட்டால், ராஜா மனம் மாறினாலும் மாறுவார்.

இலுப்பை மரத்தடியில் நின்று "வா" என்றாள். சிம்மாசனத்திலிருந்தும் ஊஞ்சலிலிருந்தும் அண்டாவிலிருந்தும் கொடி ஓடி வந்து தோப்பை நிரப்பியது.

"உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். "விருந்து முடியற வரைக்கும் இருந்துட்டுப் போ."

கொடி கொஞ்சம் யோசித்தது. "சமையற்காரர் சாப்பிட்டுட்டுப் போன்னார். மகாராணி ரெண்டு நாள் இருந்துட்டுப் போன்னாங்க. நீங்க விருந்து முடிஞ்சு போன்னு சொல்றீங்க. எப்படியும் போகத்தான் வேணும், இல்லையா அக்கா? அப்ப இப்பவே போயிட்டு வரேன்."

சுருண்டது, போயே போய்விட்டது. தோப்பின் தரை பழையபடி மொட்டையாகக் கிடந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான் உத்தண்டராஜா உள்ளே வந்தார். மொட்டைத் தரையைப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் மேளம் நெருங்குவதைக் கேட்டார். "வெட்டு" என்றார்.

முதல் கோடாரி இலுப்பை மரத்தில் விழுந்தது. ஒரு சில்லுப் பட்டை தெறித்தது. பச்சையம்மா ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். பயமாக இருந்தது, அழுகையாக வந்தது, எல்லாவற்றையும் விட ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்போது பார்த்துத்தானா அது திரும்பி வர வேண்டும்!

"வந்துட்டேன் அக்கா! சௌக்கியமா? ஏன் இப்படி..."

"வாயை மூடு!" பச்சையம்மா மரத்தை விட்டுவிட்டுத் திரும்பினாள். குனிந்து ஒரு பிடி ஈர மண்ணை அள்ளினாள், அதன் மேல் எறிவதற்கு. "வந்தே, என் உயிரை வாங்கினே. போனே, என் மானத்தை வாங்கினே. உன்னாலதானே என் மரம் போகுது! உன்னை... இரு! உன்னை..."

உன்னை என்ன செய்கிறேன் பார் என்றுதான் சொல்ல வந்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அழுகை முந்திக்கொண்டது, மீதி வார்த்தை வரவில்லை.

சரசரவென்ற சத்தம் நின்றது. கொடி அசையாமல் கிடந்தது.

"இருன்னு சொன்னீங்களா அக்கா?" என்று அது மெதுவாகக் கேட்டது. "இரு... அப்புறம்?"

பச்சையம்மா கீழே பார்த்தாள். அவள் காலடியில் கிடந்த கொடியின் கணு ஒன்றில், அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. எத்தனையோ ஆயிரம் பதியன் போட்டவளுக்கு அது என்ன என்று தெரியாதா? வேர். முதல் வேர்.

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கக் குடம் சுமந்தவளுக்கு அந்த வேலை எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

"என்ன பச்சையம்மா, வந்துடுச்சா?" ராஜா ஆவலாக முன்னால் வந்தார். "நல்லதாப் போச்சு. விருந்து வரைக்கும் இருந்துட்டுப்..."

வெள்ளை முனை சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. பச்சையம்மா ஒரே தாவாகத் தாவி, மண் அப்பிய கையால் ராஜாவின் வாயைப் பொத்தினாள். கோடாரிக்காரர்கள் கோடாரியைக் கீழே போட்டார்கள். மகாராஜாவின் வாயைப் பொத்தினால் என்ன தண்டனை என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதுவரை யாரும் பொத்தியதில்லை.

ஒரு கையால் ராஜாவின் வாயைப் பிடித்தபடியே பச்சையம்மா கொடியைப் பார்த்துச் சொன்னாள்.

"இரு."

"இரு... அப்புறம் அக்கா?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை."

"எத்தனை நாளைக்கு?"

"அதையெல்லாம் கேக்காதே. இரு."

"சாப்பிட்டுட்டு?"

"சாப்பிட்டுட்டும் இரு, சாப்பிடாட்டியும் இரு."

"மழை வந்தா?"

"அட, உன்னோட பெரிய ரோதனையாப் போச்சே! மழை வந்தாலும் இரு, வெயில் அடிச்சாலும் இரு. நான் கோபத்துல திட்டினாலும் இரு. திட்டத்தான் செய்வேன், அதுக்காகக் கிளம்பிடாதே. இரு."

கொடியின் இலையெல்லாம் அவள் பக்கம் திரும்பின. பிறகு சொன்னபோது அதன் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "எல்லாரும் வான்னாங்க அக்கா. எல்லாரும் போயிட்டு வான்னாங்க. இதை யாரும் சொன்னதே இல்லை."

வெள்ளை முனை வெளியே வந்தது. மண்ணைத் தொட்டது, தொட்ட இடத்தில் நுழைந்தது. அடுத்த கணுவில் இன்னொன்று, அதற்கடுத்த கணுவில் இன்னொன்று. இலுப்பையைச் சுற்றி, நாவலைச் சுற்றி, மகிழத்தைச் சுற்றி, கணுவுக்குக் கணு வேர் இறங்கிக்கொண்டே போனது.

"அக்கா, நான்..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தது. முடிக்கவில்லை. மந்திரம் விட்டுப் போயிற்று. அது இப்போது வெறும் கொடி, பச்சைக் கொடி.

வாயை மூடு என்று கத்தியவள் பச்சையம்மாதான். அது மூடிய பிறகு அவளுக்குத் துக்கம் தாங்கவில்லை. ராஜாவின் வாயிலிருந்து கையை எடுக்கவும் மறந்து நின்றாள்.

பக்கத்து நாட்டு ராஜா வந்தார். தோப்புக்குள் காலை வைக்குமுன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே பார்த்தார், சுற்றிப் பார்த்தார், மரத்து வேர்களுக்கு நடுவில்கூடக் குனிந்து பார்த்தார். சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை. வேட்டியைக் கீழே விட்டுவிட்டுப் பேசாமல் பந்தியில் உட்கார்ந்து, மூன்று தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

விருந்து முடிந்ததும் உத்தண்டராஜா பச்சையம்மாவைக் கூப்பிட்டார். "என் வாயைப் பொத்தினதுக்கு உன்னைத் தண்டிக்கணும். என் மானத்தைக் காப்பாத்தினதுக்குப் பரிசு தரணும். ரெண்டும் கழிஞ்சு போச்சுன்னு வச்சுக்கலாம்னா மகாராணி விட மாட்டேங்கறா. என்ன வேணும், கேளு."

"மரத்தை வெட்ட மாட்டேன்னு சொல்லுங்க மகாராஜா."

"அவ்வளவுதானே? இந்த வருஷம் வெட்ட மாட்டேன்."

"'இந்த வருஷம்'கிறது வேண்டாம் மகாராஜா."

"சரி, நான் இருக்கிற வரைக்கும் வெட்ட மாட்டேன், அப்புறம் என் பிள்ளை..."

"பிள்ளையும் வேண்டாம் மகாராஜா."

ராஜா மூச்சை இழுத்துவிட்டார். ராஜாக்களுக்கு வாக்கியத்தைச் சின்னதாக முடித்துப் பழக்கம் கிடையாது. ஏதோ சேர்க்க வாயெடுத்தார். பச்சையம்மாவின் கை இன்னும் மண்ணாகவே இருப்பதைப் பார்த்தார்.

"வெட்ட மாட்டேன்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த மரங்களை யாரும் வெட்டவில்லை, அந்தக் கொடி ஒரு மாதமும் வாடவில்லை. கேட்ட உங்கள் தலைக்கு மேல் நிழல் இருக்கட்டும், காலுக்குக் கீழே பச்சை இருக்கட்டும், இவ்வளவு நேரம் சொன்ன வாய்க்கு யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கட்டும்.